குளூட்டன் ஆகாதவர்கள் உணவகத்தில் சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சீலியாக் நோய், அதாவது குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் சேதமாகும் நோய், இருப்பது தெரிந்து பல வருடங்கள் ஆகின்றன. வீட்டுச் சமையல் பெரிய பாடாக இருந்ததில்லை. வெளியில் போய் மேசையில் உட்கார்ந்ததும்தான் தலைவலி ஆரம்பிக்கும். புதிதாக இதில் மாட்டியவர்களும், அவர்களைச் சாப்பிட அழைத்துப் போகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்புக்கு எவ்வளவு கண்டிப்பு தேவை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளூட்டன் என்பது என்ன? எதிலெல்லாம் இருக்கிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் புரதம். மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபட்டு வருகிறதே, அந்த இழுவையைத் தருவது இதுதான். மைதா, ரவை, கூஸ்கூஸ், ஸ்பெல்ட் எல்லாமே கோதுமையின் வேறு வேறு உருவங்கள். சில உணவகங்களில் இறைச்சிக்குப் பதிலாக ‘சைட்டான்’ என்று ஒன்றைப் பரிமாறுவார்கள். அது முழுக்க முழுக்கக் குளூட்டனிலேயே செய்தது. காதில் ‘சைத்தான்’ என்று விழும். நம்மைப் பொறுத்தவரை பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

அரிசி, சோளம், சிறுதானியங்கள், உருளைக்கிழங்கு, பருப்பு, காய்கறி, முட்டை, மீன், இறைச்சி, பால் இவற்றில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. பக்வீட் என்ற தானியத்தின் பெயரில் ‘வீட்’ இருந்தாலும் அது கோதுமைக்குச் சொந்தமே இல்லை. ஆனால் அதில் செய்யும் சோபா நூடுல்ஸில் பெரும்பாலும் கோதுமை மாவையும் கலந்துவிடுகிறார்கள், ஜாக்கிரதை.

இதெல்லாம் இப்போது வந்த புது ஃபேஷன் தானே?

இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, 1930களிலேயே கோதுமையின் மேல் சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் போரால் அந்த நாட்டில் பஞ்சம் வந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது, சீலியாக் நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடியும் படுத்துவிட்டார்கள். 1950ல் அவர் இதைத் தன் முனைவர் பட்ட ஆய்வாகவே எழுதினார். அதற்கு முன் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே முக்கிய உணவாகக் கொடுத்துப் பார்த்த காலமும் உண்டு.

குளூட்டனைத் தவிர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கண்டிப்புதானா?

இல்லை. மூன்று வகையினர் இருக்கிறார்கள். சீலியாக் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. உலக அளவில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. கோதுமை ஒவ்வாமை வேறு. அதில் சில நிமிடங்களிலேயே தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரை போகலாம். கடும் ஒவ்வாமையை அடக்கும் எபிநெஃப்ரின் ஊசியைக் கையில் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். மூன்றாவது, சோதனையில் இந்த இரண்டும் இல்லை என்று வந்தும் குளூட்டன் சாப்பிட்டால் உடம்பு படுத்துகிறவர்கள்.

உணவகத்தில் நீங்கள் எந்த வகை என்று சொல்லிவிடுங்கள். கோதுமை ஒவ்வாமைக்காரருக்கு பார்லி ஒத்துக்கொள்ளலாம், சீலியாக்காரருக்கு ஆகாது. அதே மாதிரி ‘கோதுமை இல்லை’ என்பதும் ‘குளூட்டன் இல்லை’ என்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று. சந்தேகம் இருப்பவர்கள் சோதனை செய்வதற்கு முன்பே குளூட்டனை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தச் சோதனையில் சரியாகத் தெரியும்.

ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?

அன்போடு கேட்கப்படும் ஆபத்தான கேள்வி. 2007ல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் நோயாளிகள் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் சாப்பிட்டபோது குடலில் சேதம் தெரிந்தது. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானோர் தாங்குவார்கள் என்பது பொதுவான கணக்கு. ஒரு துண்டு ரொட்டியில் 2 கிராமாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டில் 200ல் ஒரு பங்கு. மேசையைத் துடைக்கும்போது விரலில் ஒட்டுகிற துகள் அளவுதான். ஒரு வாய் எங்கே, அது எங்கே!

மெனுவில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் நம்பிச் சாப்பிடலாமா?

விசாரிக்க ஆரம்பிக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 20 மில்லிகிராம். பாக்கெட் உணவு தயாரிக்கும் ஆலையில் இதை அளந்து பார்ப்பார்கள். உணவகச் சமையலறையில் ஒவ்வொரு தட்டையும் யார் அளப்பது? அங்கே அந்தச் சொல்லுக்குப் பல சமயம் ‘இதில் நாங்கள் கோதுமை போடுவதில்லை’ என்று மட்டுமே அர்த்தம். சில மெனுக்களில் அந்தக் குறிக்கு ‘கேட்டால் மாற்றித் தருவோம்’ என்று பொருள். கேட்காமல் ஆர்டர் கொடுத்தால் சாதாரண ரொட்டியோடு வந்து நிற்கும். மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

2019ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கையடக்கச் சோதனைக் கருவி வைத்திருந்த 804 பேர் உணவகங்களில் செய்த 5,624 சோதனைகளின் தொகுப்பு. குளூட்டன் இல்லை என்று சொல்லப்பட்ட உணவுகளில் 32 சதவீதத்தில் கருவி குளூட்டனைக் காட்டியது. பீட்சாவிலும் பாஸ்தாவிலும் பாதிக்கு மேல். அந்தக் கருவி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள அளவையும் சில சமயம் காட்டிவிடும், தவிர சந்தேகப்பட்ட உணவைத்தான் மக்கள் அதிகம் சோதித்திருப்பார்கள். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், பீட்சா கடையில் நான் இப்போதெல்லாம் சாலட்கூடக் கேட்பதில்லை.

சரி, சர்வரிடம் என்னதான் கேட்பது?

‘இதில் குளூட்டன் இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் கேட்டு ஏமாந்தேன். குளூட்டன் என்றால் சர்க்கரை என்று நினைத்தவர்கள் உண்டு, மோனோசோடியம் குளூட்டமேட் (அஜினோமோட்டோ) என்று நினைத்தவர்கள் உண்டு. “கவலைப்படாதீங்க, எங்க ஹோட்டல்ல எதிலயும் அதெல்லாம் போடறதில்லை” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்ன ஒருவர், அடுத்த நிமிடம் கூடை நிறைய ரொட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கோதுமை, மைதா, பார்லி, சோயா சாஸ். அப்புறம், அந்த உணவு அடுப்படியில் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள். எந்தச் சட்டியில் வேகிறது? அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்? எந்தத் தண்ணீரில்? எந்தக் கரண்டி? நறுக்கும் பலகை எது? மாவு தொட்ட கையுறையை மாற்றுவார்களா? செய்முறைக் குறிப்பில் குளூட்டன் இல்லாத ஒரு மீன் துண்டு, பக்கத்தில் ரொட்டி வாட்டிய அதே கல்லில் விழுந்ததும் கதை மாறிவிடுகிறது.

நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: “தம்பி, எனக்கு ஒரு நோய் இருக்கு. கோதுமை, மைதா, பார்லி ஒரு துகள்கூட ஆகாது. இந்த மீனை மாவு தடவாம, தனிச் சட்டியில செய்ய முடியுமான்னு உள்ளே கேட்டுட்டு வாங்க. முடியாதுன்னா பரவாயில்லை, வேற பார்த்துக்கறேன்.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முடியாது என்று சொல்ல வழிவிட்டால்தான் உண்மை வெளியே வரும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போடுவார்கள்.

பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதையும் கவனிப்பேன். யோசிக்காமல் பாய்ந்து வரும் ‘ஒண்ணுமில்லைங்க, தைரியமா சாப்பிடுங்க’ எனக்குப் பயம். ‘தெரியலைங்க, கேட்டுட்டு வர்றேன்’ என்பவரிடம்தான் ஆர்டர் கொடுக்கத் தோன்றும்.

உருளைக்கிழங்கு வறுவலில் என்ன இருக்கப் போகிறது?

கிழங்கில் ஒன்றுமில்லை, எண்ணெயில்தான். அதே எண்ணெயில் ரொட்டித்தூள் தடவிய கோழியும் மாவில் தோய்த்த வெங்காயமும் பொரிந்திருக்கும். உற்றுப் பார்த்தால் எண்ணெயின் ஓரத்தில் பழுப்பு நிறத் துணுக்குகள் மிதந்து சுற்றுவதும், சல்லடைக் கூடையின் கம்பிகளில் கருகிய மாவு ஒட்டியிருப்பதும் தெரியும். நம் வறுவல் அதே கூடையில்தான் இறங்கி ஏறுகிறது. 2021ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இப்படிப் பொது எண்ணெயில் பொரித்த 20 வறுவல் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒன்பதில் குளூட்டன் இருந்தது, ஐந்தில் அது கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லையைத் தொட்டோ தாண்டியோ இருந்தது. எண்ணெய்ச் சூட்டில் குளூட்டன் அழிந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. சூடு கிருமிக்குத்தான் எமன், குளூட்டனுக்கு இல்லை.

பாஸ்தா வேகவைக்கும் தண்ணீருக்கும் இதே கதைதான். கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே குளூட்டன் இல்லாத பாஸ்தாவைப் போட்டால் எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

சற்றும் எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளும் உணவுகள் எவை?

முதல் குற்றவாளி சோயா சாஸ். சோயாவிலிருந்துதானே என்று நினைப்போம், வழக்கமான சோயா சாஸில் சோயாவோடு கோதுமையும் சேர்ந்தே நொதிக்கிறது. தமாரி என்ற வகையில் பெரும்பாலும் கோதுமை இருக்காது, ஆனாலும் பாட்டிலைப் பார்த்துவிட வேண்டும். இறைச்சியை ஊறவைக்கும் மசாலாக் கலவைகளில் இந்த சாஸ் ஒளிந்திருக்கும்.

கெட்டியாக, வழவழவென்று இருக்கும் எந்த சூப்பையும் கிரேவியையும் சந்தேகப்படுங்கள். வெண்ணெயில் மைதாவை வறுத்துக் கெட்டியாக்குவது பல சமையலறைகளில் பாலபாடம். தெளிவான சூப்பும் தப்பியதாக நினைக்க வேண்டாம். அதில் போடும் ஸ்டாக் கட்டியில் கோதுமை இருக்கலாம், அடியில் பார்லி கிடக்கலாம். நண்டு என்ற பெயரில் வரும் சிவப்பும் வெள்ளையுமான குச்சிகள் உண்மையில் மீன் கூழும் மாவுப்பொருளும் சேர்ந்தவை; அந்த மாவு பல சமயம் கோதுமை. சாசேஜிலும், பர்கருக்குள் வைக்கும் இறைச்சி வடையிலும் ரொட்டித்தூள் சேர்ப்பார்கள். ஆம்லெட் புசுபுசுவென்று உப்பி வர சில இடங்களில் பான்கேக் மாவை ஊற்றுகிறார்கள். முட்டையில் என்ன வந்துவிடப் போகிறது என்று அலட்சியமாக இருந்து நான் இரண்டு நாள் படுத்தது அதனால்தான். மால்ட் வினிகர் பார்லியிலிருந்து வருவது. ஐஸ்கிரீமில் இல்லாவிட்டாலும், பிஸ்கட் துகள் கலந்த ஐஸ்கிரீமுக்குள் போய்வந்த கரண்டி அடுத்த டப்பாவுக்குள் இறங்கும்.

அப்படியானால் எதைத்தான் ஆர்டர் செய்வது?

பொருள்களைத் தனித்தனியாகக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய உணவு. தனிச் சட்டியில் அல்லது அலுமினியத் தாளில் சுற்றி வேகவைத்த மீன், தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, ஆவியில் வெந்த காய்கறி, வெறும் சோறு, வேகவைத்த முட்டை. சாலட்டுக்கு எண்ணெயும் எலுமிச்சையும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சலிப்பான பட்டியல்தான், மறுக்கவில்லை.

பஃபே?

வேண்டாம். சாஸ் கரண்டி பாஸ்தாவுக்குள் போகும், பாஸ்தா இடுக்கி சாலட்டுக்குள் போகும். கட்டாயம் போயே ஆக வேண்டிய நிகழ்ச்சி என்றால், உள்ளிருந்து தனியாக ஒரு தட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

முன்கூட்டியே போன் செய்ய வேண்டுமா? எப்போது?

செய்தால் பாதி வேலை முடிந்தது. மதியக் கூட்டம் கலைந்து, இரவுக் கூட்டம் வருவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். அப்போதுதான் சமையல்காரரே போனுக்கு வருவார். உச்ச நேரத்தில் கேட்டால், எடுத்தவர் வைத்தால் போதும் என்று ஏதாவது சொல்வார். சாப்பிடவும் கூட்டம் ஏறுவதற்கு முன் போய்விடுவது நல்லது. காலையிலிருந்து மாவு புரண்ட மேடையைவிட, அப்போதுதான் துடைத்த மேடை மேலானது அல்லவா?

மொழி தெரியாத ஊர் என்றால் ஓர் அட்டை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எதெல்லாம் ஆகாது, எதெல்லாம் ஆகும், தனிப் பாத்திரம் வேண்டும் என்று அந்த ஊர் மொழியில் நாலு வரி. அது சர்வரின் நினைவை நம்பாமல் நேரே அடுப்படிக்குப் போய்விடும். சொந்த மொழி பேசும் ஊரிலும் நான் ஒன்று வைத்திருக்கிறேன்.

குடிக்கும் பானங்களில் கவலை உண்டா?

பீர் பெரும்பாலும் பார்லியிலிருந்துதான், ஆகாது. ‘குளூட்டன் நீக்கிய’ பீர் என்று விற்கிறார்களே, அதையும் நான் தொடுவதில்லை; நொதித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று துல்லியமாக அளப்பதே கடினம். வைனில் பயமில்லை. வடித்தெடுக்கும் மதுவில் தானியத்தின் புரதம் பின்தங்கிவிடும். பிறகு சேர்க்கும் சுவையூட்டிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மால்ட் (முளைகட்டிய பார்லி) கலந்த பால் பானங்கள் வேண்டாம்.

ஓட்ஸ் பால் ஊற்றிய காபி என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்ஸில் குளூட்டன் இயல்பாக இல்லை, ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லியோடு கலந்துவிடுகிறது. கலப்பில்லாமல் தயாரித்ததாகச் சான்று உள்ள ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. அதுவும் ஆகாத சிலர் இருக்கிறார்கள்.

தட்டில் ரொட்டித் துண்டோடு வந்துவிட்டால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமா?

கூடாது, உள்ளே எடுத்துப் போடவும் விடக் கூடாது. ஒருமுறை சாலட்டின் மேல் நாலைந்து வறுத்த ரொட்டித் துண்டுகள் தூவி வந்தது. சொன்னதும் தட்டை உள்ளே எடுத்துப் போனார்கள். திறந்த சமையலறை, என் இருக்கையிலிருந்து எல்லாம் தெரிந்தது. ஒருவர் விரலாலேயே துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார், இலையைப் புரட்டி விட்டார், ஓரத்தைத் துணியால் துடைத்தார், மறுபடியும் அதே தட்டு வந்தது. இப்போதெல்லாம் அப்படி நடந்தால், “புதுசா போட்டுக் கொடுங்க, அதுவரைக்கும் இந்தத் தட்டு இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிடுவேன். பழைய தட்டு மேசையில் இருந்தால், புதிதாக வருவது வேறு தட்டுதான்.

மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடலாம் என்கிறார்களே?

குளூட்டனைச் செரிக்கவைப்பதாகச் சொல்லும் நொதி மாத்திரைகள் சீலியாக் நோயாளியைக் காப்பாற்றாது. கையடக்கச் சோதனைக் கருவியும், நீங்கள் கிள்ளி வைத்த அந்த ஒரு துணுக்கைப் பற்றி மட்டுமே பேசும். தட்டின் மறுபக்கத்தைப் பற்றி அதற்குத் தெரியாது.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

முறிமருந்து எதுவும் கிடையாது. சிலருக்கு ஓரிரு மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வரும், சிலருக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், தலைபாரம், அசதி. நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுப்பதுதான் வைத்தியம். வாந்தி நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சு முட்டினால் அது அவசரநிலை, ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. சீலியாக் உள்ள சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. அதனால் ‘போன தடவை சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பதை அந்த உணவகத்துக்குக் கொடுக்கும் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டமாகப் போகும்போது கூச்சமாக இருக்கிறதே?

எனக்கும் இருந்தது. எல்லோரும் ஆர்டர் சொல்லி முடித்து, நான் ஒருவன் மட்டும் சர்வரிடம் ஐந்து நிமிடம் விசாரணை நடத்தும்போது மேசையே அமைதியாகிவிடும். இப்போது பத்து நிமிடம் முன்னதாகவே போய் அந்தப் பேச்சை முடித்துவிடுகிறேன். சில நாள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய் வெறும் காபியோடு உட்கார்ந்திருப்பேன். அரட்டைக்கு ஒரு குறையும் வராது. அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நல்ல உணவகம் என்று எதை வைத்து முடிவு செய்வது?

நான் திரும்பத் திரும்பப் போகும் ஓர் இடம் இருக்கிறது. மெனுவில் எந்தக் குறியும் கிடையாது. முதல் தடவை போனபோது, சாஸில் கோதுமை இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் “தெரியலைங்க” என்று உள்ளே போனவர், பாதி காலியான, பிசுபிசுத்த சாஸ் பாட்டிலையே கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “பின்னாடி எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு, நீங்களே படிச்சுப் பாருங்க” என்றார். படித்தேன். கோதுமை இருந்தது. அன்று சாஸ் இல்லாத மீனைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.